உஷார்! அந்தத் தட்டின் மூடியைத் திறக்காதீர்கள்

பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி நெருங்கினால் போதும், பல வீட்டுச் சமையலறைகளில் ஒரு வேலை தொடங்கிவிடும். மளிகைக் கடையில் வாங்கிய கடல்பாசியோடு கொஞ்சம் சர்க்கரையும் கறி வேகவைத்த சாறும் சேர்த்துக் கொதிக்கவைத்து, மூடி போட்ட சின்ன டப்பாக்களில் ஊற்றி உறையவிடுகிறார்கள். செல்போன் திரை, கதவுக் கைப்பிடி, கழிப்பறைத் தரை என்று பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்து அதன்மேல் தேய்க்கிறார்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு நிறங்களில் வழவழப்பான புள்ளிகள் முளைத்துவிடும். பிள்ளைக்கு ஒரே குஷி. மூடியைத் திறந்து, "அம்மா, இங்க பாரேன்" என்று மூக்குக்கு நேரே நீட்டுகிறது. அம்மாவும் கிட்டே குனிந்து படம் எடுக்கிறார். கண்காட்சி முடிந்த அன்று மாலையே அந்த டப்பா தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகிறது.

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். செய்ய விடவும் விடாதீர்கள்.

"பாக்டீரியா எங்கேதான் இல்லை? தரையைத் தொட்ட கையோடுதானே பிள்ளை முறுக்கு தின்கிறது? அப்போது வராத நோய் டப்பாவில் வளர்த்தால் மட்டும் வந்துவிடுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் எண்ணிக்கையில் இருக்கிறது. ஈ.கோலை போன்ற பாக்டீரியாவுக்கு நல்ல ஊட்டமும் 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிளக்கும். கணக்குப் போட்டால், ஒன்றே ஒன்று ஏழு மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். பத்து மணி நேரத்தில் 107 கோடி. உணவும் இடமும் குறையக் குறைய வேகம் தணியும் என்பது உண்மை. ஆனாலும் கண்ணுக்குத் தெரிகிற ஒவ்வொரு புள்ளியிலும், லேப் ஆட்கள் காலனி என்று சொல்லும் அதில், கோடிக்கணக்கான பாக்டீரியா உயிரோடு உட்கார்ந்திருக்கும். ரத்தபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 செல்கள் வயிற்றுக்குள் போனாலே போதும், ஆளைப் படுக்கப் போட்டுவிடும். தரையில் எங்கோ ஒன்றிரண்டாகக் கிடந்து காய்ந்து சாக வேண்டியதை நாமே கூட்டிவந்து, ஊட்டம் கொடுத்து, ஒரே இடத்தில் கோடியாக்கி, மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறோம்.

வளர்ந்திருப்பது எது என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. தீங்கில்லாத மண் பாக்டீரியாவும் வெள்ளையாக இருக்கும். சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸும் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். பல ஆண்டுகள் பிளேட் பார்த்துப் பழகிய கண்ணுக்கே சந்தேகம் வந்துதான் கிராம் ஸ்டெயின் என்ற சாயச் சோதனையும் மற்றப் பரிசோதனைகளும் செய்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்?

வளர்ப்பு ஊடகம் எதற்காக உருவானது என்று தெரிந்தால் இந்தப் பயம் புரியும். நோய்க்கிருமிகளை ஆராய்ந்த ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் முதலில் புழங்கியது ஜெலட்டின். அது கோடை வெப்பத்திலேயே இளகிவிடும். உடல் வெப்பநிலையில் நிற்கவே நிற்காது. போதாததற்குப் பல பாக்டீரியா அதையே தின்று நீராக்கிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேவிடம், கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகார் போட்டுப் பாருங்கள் என்று 1881-ல் யோசனை சொன்னவர் அவருடைய மனைவி ஃபேன்னி ஹெஸ்ஸே. வீட்டில் ஜெல்லி செய்ய அவர் அகார்தான் பயன்படுத்துவார். ஜாவாவில் வாழ்ந்திருந்தவர்களிடமிருந்து கற்ற கைப்பக்குவம் அது. அகார் உருக 85 டிகிரி வேண்டும். ஒருமுறை உருகிவிட்டால் 40 டிகிரி பக்கம் இறங்கும்வரை உறையாது. பெரும்பாலான பாக்டீரியாவால் அதைத் தின்னவும் முடியாது. ஆறே ஆண்டில், 1887-ல், யூலியுஸ் ரிச்சர்ட் பெட்ரி மூடியுள்ள அந்தத் தட்டைக் கொண்டுவந்தார். மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துவரும் பாசியிலிருந்தும் இந்த அகார்தான் எடுக்கப்படுகிறது. ரம்ஜான் மாதத்தில் பாலோடு காய்ச்சி உறையவைக்கும் கடல்பாசியும் இதே குடும்பத்துச் சரக்குதான்.

பெட்ரியின் மூடி கீழ்த்தட்டைவிடக் கொஞ்சம் அகலமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காற்று போகும், தூசி விழாது. வெளியிலிருந்து கிருமி உள்ளே போகாமல் தடுக்கத்தான் அது வந்தது. தேய்த்து, இன்குபேட்டரில் வைத்து வளர்த்த பிறகு அதே மூடி உள்ளேயிருப்பதிலிருந்து உங்களைக் காக்கிறது. அதனால்தான், ஊர் பேர் தெரியாததை வளர்த்த தட்டை மூடியோடு வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்கிறோம். பார்த்ததும் மூடியோடேயே கொல்ல அனுப்ப வேண்டும். படம் எடுப்பதானால் மூடியின் மேலிருந்தோ தட்டைத் திருப்பி அடியிலிருந்தோ எடுங்கள். நன்றாகவே விழும்.

இன்னொரு விஷயத்தை நம் ஊர்க்காரர்களுக்கென்றே அழுத்திச் சொல்ல வேண்டும். பள்ளி மாணவர்கள் 25 டிகிரிக்கு மேல் பாக்டீரியா வளர்க்கக் கூடாது என்று பிரிட்டனில் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் உடலில் நோய் உண்டாக்குபவை நம் உடல் வெப்பத்துக்குப் பழகியவை. 25 டிகிரியில் அவற்றின் வளர்ச்சி மந்தமாகும். அந்த ஊருக்கு அது சரி. நம் ஊரில்? சித்திரை, வைகாசியில் வேலூரிலோ மதுரையிலோ ஓட்டு வீட்டு அலமாரிக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 35, 36 சர்வ சாதாரணம். இட்லி மாவு மார்கழியில் காலை வரை பொங்காமல் கிடந்துவிட்டு, சித்திரையில் நள்ளிரவிலேயே பாத்திரத்தை விட்டு வழிவது எதனால் என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அறை வெப்பநிலையில்தானே வைத்தோம், இன்குபேட்டர் எல்லாம் இல்லையே என்று சமாதானம் சொல்லாதீர்கள். பாதி வருடத்துக்கு நம் வீட்டு அறையே இன்குபேட்டர்தான்.

இதைவிடக் கவலை தருவது இணையக் கடைகளில் யார் வேண்டுமானாலும் வாங்கிவிடக்கூடிய மீடியா, அதாவது வளர்ப்பு ஊடக வகைகள். சாதாரண நியூட்ரியன்ட் அகாரில் லிட்டருக்கு 5 கிராம் பெப்டோன், 3 கிராம் மாட்டிறைச்சிச் சாறு, 5 கிராம் உப்பு, 15 கிராம் அகார் என்ற அளவில்தான் இருக்கும். அது பொதுப் பந்தி. வருகிறவர்களில் பலர் தீங்கில்லாதவர்கள். மக்கான்கி அகார் அப்படியில்லை. ஆல்ஃபிரெட் மக்கான்கி 1905-ல் வெளியிட்ட அந்த முறையில் பித்த உப்பு உண்டு. இன்று விற்பதில் கிரிஸ்டல் வயலட் சாயமும் சேர்ந்திருக்கும். மற்றவற்றை அடக்கிவிட்டு, குடலில் வாழும் வகைகளை மட்டும் தேர்ந்தெடுத்து வளர்க்க வந்த மீடியா அது. ரத்த அகாரோ மனித உடலில் தொற்றுகிறவற்றுக்கு இன்னும் தாராளமாக இடம் கொடுக்கும். நோயாளியின் மாதிரியில் கிருமியைக் கண்டுபிடிக்க இவை மருத்துவமனை லேபுக்கு அத்தியாவசியம். பள்ளிக்கூட மேசையில் இவற்றுக்கு வேலையே இல்லை. பிளேட்டில் அழகான நிறம் வருகிறது என்பதற்காக எந்த ஆசிரியரும் இவற்றை ஆர்டர் போடக் கூடாது.

ரத்த அகார் என்றதும் சிறிய மருத்துவப் பரிசோதனைக் கூடங்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டு ரத்தம் கிடைக்கவில்லை என்று, காலாவதியான மனித ரத்தப் பையை எடுத்துப் பிளேட் ஊற்றும் பழக்கம் ஏழை நாடுகள் பலவற்றில் உண்டு. கூடவே கூடாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் கையில் புழங்க நேரும் என்பது முதல் காரணம். மனித ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்களும், கொடுத்தவர் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கின் மிச்சமும் வளர வேண்டிய கிருமியை வளரவிடாமல் செய்யலாம் என்பது இரண்டாவது. செய்கிற ஆளுக்கும் ஆபத்து, ரிப்போர்ட்டும் தப்பு.

லேபில் முறையாகப் படித்தவர்கள் வேலை செய்கிறார்களே, அங்கே என்ன ஆகிவிடும் என்கிறீர்களா? அமெரிக்காவில் நடந்ததைச் சொல்கிறேன். 2011-ல் சால்மோனெல்லா டைஃபிமூரியம் தொற்று 38 மாநிலங்களில் 109 பேருக்கு வந்தது. ஒருவர் இறந்தார். எந்த உணவு காரணம் என்று தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்ற இடம் கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகங்களும் மருத்துவப் பரிசோதனைக் கூடங்களும். மாணவர்களுக்கு வகுப்பில் காட்ட விலைக்கு வாங்கும் சாதாரண ஸ்ட்ரெயின் (கிருமி வகை) ஒன்றோடு அந்தக் கிருமி பொருந்திப் போனது. 2014-ல் மறுபடியும் 41 பேர். 2017-ல் இன்னும் 24 பேர். நோய் வந்தவர்களில் லேபுக்குள் காலே வைக்காத சின்னக் குழந்தைகளும் இருந்தார்கள். அப்பாவோ அம்மாவோ அக்காவோ லேபில் படித்தார்கள் அல்லது வேலை பார்த்தார்கள், அவ்வளவுதான். லேப் மேசையில் வைத்த பேனா, ரெக்கார்டு நோட்டு, செல்போன், கார் சாவி, உடம்போடு வீட்டுக்கு வந்த வெள்ளைக் கோட்டு: கிருமி இந்த வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. நம் கல்லூரிகளில் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி மாணவிகள் லேப் கோட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறி உட்காருவதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! அந்தக் கோட்டை வீட்டில் தம்பியின் யூனிஃபார்மோடு சேர்த்து ஊறப் போடுகிறார்கள். கோட்டு கல்லூரியிலேயே இருக்கட்டும் என்று துறைத்தலைவர்கள் ஏற்பாடு செய்யக் கூடாதா? லேபுக்கென்று தனிப் பேனா, தனி நோட்டு. செல்போன் வெளியே. இதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடும்?

இதுவரை சொன்னது வளர்ந்த பிறகு வரும் ஆபத்து. மீடியா தயாரிக்கும்போதே கை வெந்துபோவதும் கண் போவதும் உண்டு.

முதலில், அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ். 121 டிகிரி, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம், 15 நிமிடம்: இது எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அழுத்தம் வேறு, வெப்பம் வேறு என்பதை மறந்துவிடுகிறார்கள். பாத்திரத்துக்குள் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறி நீராவி மட்டும் நிறைந்தால்தான் 15 பவுண்டில் 121 டிகிரி வரும். காற்றில் பாதி உள்ளேயே தங்கினால் முள் அதே 15-ல் நிற்கும், வெப்பமோ 112 டிகிரிதான். காற்றைக் கொஞ்சமும் வெளியேற்றாமல் மூடிவிட்டாலும் முள் 15 காட்டும். உள்ளே 100 டிகிரிதான் இருக்கும். "பிரஷர் வந்துடுச்சு மேடம், டைம் நோட் பண்ணிக்கலாமா?" என்று மாணவி கேட்கும்போது, வால்விலிருந்து நீராவி தடையில்லாமல் சீறிக்கொண்டு வந்ததா, அதன் பிறகுதான் மூடினாயா என்று திருப்பிக் கேட்க வேண்டும். 100 டிகிரியில் சாதாரணச் செல்கள் செத்துப்போகும். பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் வகைகளின் ஸ்போர்கள், அதாவது வெப்பம் தாங்கும் உறங்குநிலை வடிவங்கள், சாகாது. கொதிக்கவைத்த வைக்கோல் சாறு மறுபடி கெட்டுப்போவதைப் பார்த்து ஜான் டிண்டாலும் ஃபெர்டினாண்ட் கோனும் 1870-களிலேயே கண்டுபிடித்த சங்கதி இது. அரைகுறையாகக் கொதித்த ஊட்டக் கரைசலைப் பாட்டிலில் இறுக்கி மூடி அலமாரியில் வைத்தால், ஸ்போர்களுக்கு உணவும் கிடைக்கிறது, சிலவற்றுக்குப் பிடித்த காற்றில்லாத இடமும் கிடைக்கிறது. கலங்கிப்போன பாட்டிலை மூடி திறந்து முகர்ந்து பார்க்கவே கூடாது.

ஆட்டோகிளேவ் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டதே என்பார்கள். பொட்டலம் சூடு பட்டது என்பதற்குத்தான் அது சாட்சி. ஸ்போர் செத்தது என்பதற்கு அல்ல. அதற்கு ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் உள்ள இண்டிகேட்டரை உள்ளே வைத்து எடுத்து, வளர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிரஷர் குக்கரில் செய்கிறவர்களுக்கும் இதே விதிதான். நீராவி நன்றாகப் பொங்கி வரும்வரை வெயிட் போடக் கூடாது. அந்தக் குக்கரில் பிறகு பருப்பு வேகவைக்கவும் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் கல்லூரிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஊட்டி இருப்பது சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். வெளிக்காற்றின் அழுத்தமே அங்கே குறைவு என்பதால் முள் 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே சுமார் 117 டிகிரிதான் வரும். சமவெளியில் எழுதிய செய்முறையை அப்படியே அங்கே எடுத்துப் போகாமல், அழுத்தத்தைவிட வெப்பமானியை நம்புங்கள்.

நேரம் முடிந்ததும் வரும் அவசரம்தான் ஆளைச் சுடுவது. குக்கர் விசிலைக் கரண்டியால் தூக்கி ஆவியைப் பீய்ச்சி விடும் பழக்கம் அப்படியே ஆட்டோகிளேவுக்கும் வந்துவிடுகிறது. அழுத்தத்தைத் திடீரென்று இறக்கினால் 121 டிகிரியில் இருக்கும் திரவம் அந்தக் கணமே கொதித்துப் பொங்கும். மூடி இறுகிய பாட்டில் வெடிக்கும். முள் பூஜ்யத்துக்குத் தானாக இறங்க வேண்டும். அதன் பிறகும் வெப்பம் 80 டிகிரிக்குக் கீழே வரும்வரை பொறுங்கள். திறக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் வைத்து, மூடியை உங்களுக்கு எதிர்ப்புறமாக முதலில் தூக்குங்கள். உள்ளே வைக்கும் பாட்டில் மூடிகளை ஒரு சுற்றுத் தளர்த்தியே வையுங்கள். பிளாஸ்கில் பாதிக்கு மேல், போனால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

உறைந்த அகாரை மைக்ரோவேவில் உருக்குவது இதைவிட மோசம். வெளியே எடுக்கும்போது பாட்டில் சாதுவாக இருக்கும். ஒரு குமிழி இருக்காது. கட்டி கரைந்ததா பார்ப்போம் என்று கையால் ஒரு சுழற்று சுழற்றியதும், கொதிநிலையைத் தாண்டிச் சூடேறிக் கிடந்த அகார் மொத்தமாகப் பொங்கிக் கையிலும் முகத்திலும் அடிக்கும். வெந்நீர் பட்டால் வழிந்தாவது ஓடும். அகார் தோலில் ஒட்டி, அங்கேயே உறைந்து, உள்ளிருக்கும் சூட்டையெல்லாம் தோலுக்குள் இறக்கும். மூடியைத் தளர்த்திக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றுங்கள். நிறுத்திய பிறகு ஒரு நிமிடமாவது அடுப்புக்குள்ளேயே விட்டுவையுங்கள். சூடு தாங்கும் கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீருக்கு அடியில் 20 நிமிடம் காட்டுங்கள். இங்க், டூத்பேஸ்ட், மாவு எதையும் பூசாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

மீடியா பொடி டப்பாவைத் திறந்து எடை போடும் பெண்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. நம் ஊர் லேபுகளில் இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். பொடி மிக மெல்லியது. ஸ்பேட்சுலாவால் எடுத்து வெயிங் பேப்பரில் தட்டும்போதே ஒரு புகைபோல எழும்பும். மின்விசிறி ஓடினால் முகமெல்லாம் பொடிதான். வெறும் பெப்டோன் என்றால் தும்மலோடும் ஒவ்வாமையோடும் போகலாம். சால்மோனெல்லாவைத் தேட உதவும் செலினைட் எஃப் கரைசலில் சேர்வது சோடியம் பைசெலினைட். அது நச்சு, அரிக்கும், கருவிலிருக்கும் குழந்தையை ஊனப்படுத்தக் கூடியது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கைத் தாளில் அச்சிடுகிறார்கள். டப்பாவோடு வரும் அந்தத் தாளை யார் படிக்கிறார்கள்? கருவுற்றிருக்கும் பெண்ணிடம், கருத்தரிக்க நினைக்கும் பெண்ணிடம் இந்தப் பொடியைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மறுக்க அவருக்கு உரிமை உண்டு என்று மேற்பார்வையாளர்கள் சொல்லி வையுங்கள். மற்றவர்களும் மாஸ்க், கையுறையோடு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வசதியிருந்தால் ஃபியூம் ஹூடுக்குள் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

தண்ணீர்ப் பரிசோதனைக்கான சில மீடியாவில் சோடியம் அசைடு இருக்கும். அதை சிங்க்கில் ஊற்றிக்கொண்டே வந்தால் செம்பு, ஈயக் குழாய்களில் வெடிக்கக்கூடிய உப்பாகப் படியும். குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவர் ஸ்பேனர் வைக்கும் நாளில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அமிலம் பட்டாலும் நச்சு வாயு கிளம்பும்.

இன்னொரு கண்காட்சி ஆசை இருக்கிறது. வீட்டு மாத்திரை டப்பாவில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கைப் பொடித்துப் பிளேட்டில் தூவி, எது நன்றாகக் கொல்கிறது என்று பார்ப்பது. பார்க்கச் சுவாரசியமாகத்தான் இருக்கும். ஆனால் சாகாமல் மிஞ்சுவதுதானே அந்தப் பிளேட்டில் அடுத்துப் பெருகும்? ஆய்வாளர் ராய் கிஷோனியின் குழுவினர் 2016-ல் ஒரு பெரிய அகார்ப் பரப்பில் மருந்தின் அளவைப் படிப்படியாகக் கூட்டி வைத்து ஈ.கோலையை விட்டுப் பார்த்தார்கள். 1,000 மடங்கு மருந்தையும் தாங்கும் வகை இரண்டு வாரத்துக்குள் அவர்கள் கண்ணெதிரே உருவானது. அவர்கள் செய்தது கட்டுப்பாடான ஆய்வகத்தில், தெரிந்த ஸ்ட்ரெயினை வைத்து. நம் பிள்ளை எடுப்பதோ தெருச் சாக்கடையிலிருந்து. கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்கவைக்கும் என்.டி.எம்.-1 நொதி பற்றி 2010-ல் வெளியான ஆய்வில் சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் இருந்தன. இதைச் சுமக்கும் கிருமிகள் நம் சுற்றுப்புறத்திலேயே உலவுகிற காலம் இது. மருந்துக்கு அடங்காததை மட்டும் வடிகட்டி வளர்த்துக் கொடுக்கும் வேலையை நாம் செய்யலாமா?

வேலை முடிந்த தட்டை என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்குக் கோபமே வருகிறது. 2016-ம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் மருத்துவமனைக்கு மட்டும் எழுதியவை அல்ல. ஆராய்ச்சி நிலையமும் கல்வி நிலையமும் அதில் அடக்கம். வளர்த்த கிருமிகளை அந்த இடத்திலேயே கொன்று, மஞ்சள் பையில் போட்டு அனுப்ப வேண்டும் என்பது விதி. நடப்பது என்ன? தேர்வு முடிந்த வாரம் கல்லூரிப் பின்புறச் சுவரோரம் பிளேட்டுகள் குவிந்து கிடக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக, சில மூடி விலகி, உள்ளே அகார் சுருங்கி, அதன்மேல் ஈ. மாடு நக்கும். காகம் கொத்தும். பளிச்சென்று கண்ணாடிபோல இருக்கிறதே என்று பழைய பொருள் பொறுக்கும் பையன் மூடியைத் தட்டிவிட்டு உள்ளிருப்பதை விரலால் வழித்தெறிந்துவிட்டுச் சாக்கில் போடுவான். அதிகாலையில் குப்பை பிரிக்கும் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு அது என்னவென்றே தெரியாது. லேபுக்கு உள்ளேயும் அப்படித்தான். கிளாஸ்வேர் கழுவும் அக்காவின் தொட்டிக்குக் காலனி மிதக்கும் டெஸ்ட் ட்யூப்கள் கொல்லப்படாமலே வந்து சேரும். அவருக்குக் கொடுக்கிற கையுறையில் ஓட்டை. முதலில் ஆட்டோகிளேவ், பிறகுதான் கழுவுதல் என்ற வரிசையை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை, துறைத்தலைவருக்கும் இல்லை.

இந்தக் கணத்தில் உங்கள் வீட்டு அலமாரியில் அப்படியொரு டப்பா இருக்கிறதா? பதறாதீர்கள்; திறக்கவும் செய்யாதீர்கள். மூடி நழுவாமல் இரண்டு மூன்று இடங்களில் டேப் ஒட்டுங்கள். இரண்டு கவர் போட்டுக் கட்டி, குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். பக்கத்துக் கல்லூரி மைக்ரோபயாலஜி துறையையோ மருத்துவமனை லேபையோ கேட்டால் ஆட்டோகிளேவில் போட்டுத் தருவார்கள், அதுதான் உத்தமம். வழியே இல்லையென்றால், 4 முதல் 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் உள்ள பிளீச் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர் சேர்த்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு பழைய வாளியில் ஊற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு டப்பாவை முழுக்க மூழ்கவிட்டு, மூழ்கிய நிலையிலேயே மூடியை விலக்கி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். கழிப்பறை ஆசிட்டை அதில் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். பிளீச்சில் ஊறியதை ஆட்டோகிளேவிலும் குக்கரிலும் சூடாக்கக் கூடாது, அதே காரணத்துக்காக. டப்பா கீழே விழுந்து உடைந்துவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, சிதறியதைத் துணியால் மூடி அதன்மேல் இந்தக் கரைசலை ஊற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் அள்ள வேண்டும்.

பிள்ளையின் ஆர்வத்தை அணைக்கச் சொல்லவில்லை. தயிரில் ஒரு துளி எடுத்து மெத்திலீன் நீலம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். குச்சி குச்சியாக லாக்டிக் அமில பாக்டீரியா வரிசை கட்டி நிற்கும். சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட் போட்டுப் பாட்டில் வாயில் பலூன் மாட்டினால் அது ஊதிப் பெரிதாவதைப் பார்க்கலாம். கல்லூரி அளவில் பாக்டீரியா வளர்த்தே ஆக வேண்டுமென்றால் ஊர் பேர் தெரிந்ததை வளருங்கள். சண்டிகரில் 1986-லிருந்து இயங்கும் எம்.டி.சி.சி. நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து எண்ணிட்ட, அடையாளம் தெரிந்த ஸ்ட்ரெயின்களைக் கல்லூரிகள் வாங்க முடியும்.

தெரிந்த ஸ்ட்ரெயின் என்பதும் முழு உத்தரவாதம் அல்ல. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் மால்கம் கசாடபன் ஆய்வு செய்துவந்தது பிளேக் கிருமியின் பலவீனமாக்கப்பட்ட வகையை. இரும்புச்சத்தை இழுத்துக்கொள்ளும் திறன் அதற்கு இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று கருதியிருந்தார்கள். 2009 செப்டம்பரில் அவர் அதே கிருமியால் இறந்தார். உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரைக் குறைபாடு அவருக்கு இருந்தது பிறகுதான் தெரிந்தது. கிருமிக்கு எது எட்டாமல் இருந்ததோ அது அவர் ரத்தத்தில் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. பிளேக்காக இருக்கும் என்று முதலில் யாருக்கும் தோன்றவில்லை.

எனவே லேபில் படிக்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும், வீட்டில் பிளேட் வளர்த்துவிட்டவர்களும், காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சீழ்க்கட்டியோ வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள். எந்தக் கிருமியோடு வேலை, எந்தத் தேதியில் கையாண்டீர்கள், ஸ்ட்ரெயின் எண் என்ன, என்ன மீடியா என்று ஒரு சீட்டில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, சர்க்கரை நோயாளியோ, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் அதையும் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள்.